கன்னியம்மா வரைந்த கோடு

1

நான் இருக்கும் டெஸ்ஸி என்ற இந்த மலையூரில் இப்போது நடப்பது 1952ஆம் வருடம். எங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதுகிறோம். எத்தியோப்பியர்களின் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பிந்தியது. அவர்கள் கணக்குப்படி ஆந்திர மாநிலம் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு நடந்த அநியாயமும் இன்னும் நடக்கவில்லை. இங்கு வந்த புதிதில் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் நாட்காட்டி மாறினால் வயிற்றெரிச்சல் தணிந்துவிடுமா? தணியவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றும் எண்ணமும் எனக்கு இருந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் என் மைத்துனன் அனுப்பிய புளிப் பொட்டலத்தைச் சுற்றி ஒரு பழைய செய்தித்தாள் வந்தது. எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்துவிட்டதாம். திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. புளிக்கறை படிந்த அந்தத் தாளை அடுப்பங்கரையிலேயே நின்று இரண்டு முறை படித்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். "பிறந்த மாகாணம்?" என்று கேட்பார்கள். பிறந்தபோது மதராஸ், கிளம்பியபோது ஆந்திரா. முதல் வருடம் இதை விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குப் பேச்சு நடுவே தெலுங்கு வந்து விழும். "அன்ட்டே, நான் பிறந்தபோது... அன்ட்டே, அது வேறே மாகாணம்" என்று நான் இங்கிலீஷில் இழுக்க, நரைத்த தலை குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தெலுங்கில் 'அன்ட்டே' என்றால் 'அதாவது'. அம்ஹாரிக்கில் அதே ஓசைக்கு 'நீ' என்று பொருள், அதுவும் சின்னப் பையனைக் கூப்பிடும் மரியாதையில்லாத 'நீ'. பெரியவரைப் பத்துத் தடவை 'டேய்' என்று கூப்பிட்டிருக்கிறேன். அனுமதிச் சீட்டு கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

என் மகள் மல்லிகாவுக்கு இந்தச் சங்கடம் ஒன்றும் கிடையாது. மூன்று வயதில் வந்தவள், இப்போது எட்டு. நான் தமிழில் கேட்பேன், அவள் அம்ஹாரிக்கில் பதில் சொல்வாள். "சோறு துன்னியாடி?" என்று அவள் அம்மா தனம் கேட்டால் "இஷி" என்பாள். 'சரி' என்று அர்த்தம். தின்றாளா, தின்னப் போகிறாளா என்பது தெரியாது.

செய்தித்தாள் வந்த அதே வாரம் எங்கள் பள்ளி இயக்குநர் அத்தோ தெஸ்ஃபாயே (இங்கே 'அத்தோ' என்றால் 'திரு') என்னைக் கூப்பிட்டார். இந்தியாவிலிருந்து ஆசிரியர் குழு ஒன்று நல்லெண்ணப் பயணமாக வருகிறது. அதில் ஒருவர் நம் மாணவர்களுக்கு 'உலகக் குடிமை' என்ற தலைப்பில் பேசுவார். "உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தானாம். நீங்களே கூட இருந்து கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கடிதத்தை நீட்டினார்.

பெயரைப் பார்த்தேன். ஏகாம்பரம்.

"சந்தோஷம் சார்" என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆறு வருடமாக நான் தேடிப் போக முடியாத ஆள், தானே பஸ் ஏறி என் ஊருக்கு வருகிறான்.

2

ஏகாம்பரம் நகரிக்காரன். பயிற்சிக் கல்லூரியில் இருவரும் ஒரே அறை. பிறகு எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். நான் பூகோளம், அவன் சரித்திரம். மத்தியானச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட நண்பன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபத்தின் அளவு புரியாது.

மாநிலம் பிரிந்த சமயம் அது. எங்கள் பகுதி யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஊர்வலம், கூட்டம், கறுப்புக்கொடி. பள்ளியில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளும் தெலுங்குப் பிரிவுப் பிள்ளைகளும் ஒரே கிணற்றடியில் கல்லெறிந்துகொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு நோட்டில் முப்பது பாடம் எழுதினேன். பாடத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு குழந்தை. அந்தக் குழந்தை என்ன சாப்பிடும், எப்படிப் பள்ளிக்குப் போகும், எதற்கு அழும் என்று கதையாக எழுதினேன். 'உலகக் குடிமக்கள் நாம்' என்று நோட்டுக்குப் பெயர் வைத்தேன். இரண்டு பிரிவையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துச் சனிக்கிழமை காலையில் நடத்துவேன். தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை. கல்லெறி நின்றது.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன்: "கோடே இல்லாம ஒரு படம் வரைங்க. நாடு, மாநிலம் எதுவும் வேணாம். உங்க பேரும் போட வேணாம். அடியில 'உலகக் குடிமகன்', 'உலகக் குடிமகள்'னு மட்டும் எழுதுங்க."

முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், கன்னியம்மா என்று ஒரு பெண். வேர்க்கடலை போடும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். பள்ளிக்கு நாலு மைல் நடந்து வருவாள். அவள் உலகத்தை வரையவில்லை. தன் ஊரை வரைந்திருந்தாள். கடலைக் கொல்லை, கிணறு, தெற்கே போகும் மண்ரோடு, ரோட்டின் முடிவில் திருத்தணிப் பக்கத்தில் ஒரு வீடு. ஊருக்கு வடக்கே, சிவப்புப் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு.

"கோடு வேணாம்னு சொன்னேனேம்மா?"

"எங்க மாமா ஊடு அங்க கீது சார்" என்று அந்த வீட்டின் மேல் விரலை வைத்தாள். "நடுவுல கோடு வந்துட்டா போவ வுட மாட்டாங்களாமே? கோடு போட்டே ஆவணும்னா எங்க ஊருக்கு அந்தாண்ட போட்டுக்கட்டும்."

நான் சிரித்துவிட்டு, எல்லாப் படங்களோடும் சேர்த்து அலமாரியில் வைத்தேன்.

பத்து நாள் கழித்துக் கல்வி அதிகாரி வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் மேஜைமேல் அந்தப் படம். பக்கத்தில் ஏகாம்பரம். மாணவர்களை வைத்து ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று புகார். அதிகாரி தெலுங்கில் கத்தினார், "இதி எவரு நேர்ப்பாரு?" இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று. விசாரணை நடந்தது. வரைந்தவளின் பெயர் தெரிந்தது. அன்று மாலையே கன்னியம்மாவின் நைனாவை வரவழைத்து அவளுடைய டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் மதனப்பள்ளிக்கு அப்பால் ஒரு ஊருக்கு மாற்றலும் கிடைத்தன.

என் நோட்டு அலமாரியில் இருந்தது. எடுக்க விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, நான் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து இங்கே வந்த பிறகு, அது தெலுங்கில் புத்தகமாக வந்த செய்தி கிடைத்தது. எழுதியவர்: ஏகாம்பரய்யா. புத்தகத்தின் பலத்தில் அவனுக்குத் திருப்பதியில் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

இதில் தெலுங்கின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சிலேயே பாதி தெலுங்குதான். அப்போது எனக்காகக் கல்வி அலுவலகப் படியேறிய ஒரே ஆள் டிராயிங் மாஸ்டர் சுப்பராயுடு, தெலுங்கர். என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தமிழன்.

3

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஏகாம்பரம் கோட்டு, கம்பளி மப்ளர் எல்லாம் போட்டிருந்தான். தொப்பை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் ஒரு நொடி முகம் செத்தது. பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"டேய் நடேசா! நீயா? இன்னாடா ஊரு இது, பல்லு கிட்டிக்குது! எப்பிட்றா இருக்கிற இங்க?"

"இருக்கேன். வா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

விருந்தினர் விடுதியில் அவன் தன் பேச்சின் தாள்களை எடுத்தான். புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை இங்கிலீஷில் பெயர்த்து வைத்திருந்தான். எத்தியோப்பியாவுக்கு வருகிறோமே என்று, அதன் பழைய பெயரில் இருந்த அபிசீனியா பாடத்தையே பொறுக்கியிருந்தான்.

"நீ இங்கியே கீற. ஒரு தபா பாத்துடேன். தப்பு கிப்பு இருந்தா சொல்லு."

அவன் குரலில் துளி கூச்சம் இல்லை. நான் வாங்கிப் படித்தேன். என் பாடம்தான், வரிக்கு வரி. அதை எழுதியபோது எனக்கு அபிசீனியாவைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. பள்ளி நூலகத்தில் இருந்த ஒரே பூகோளப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆப்பிரிக்கா என்றால் கடலும் தென்னையும் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, நாட்டின் பெயரிலிருந்தே பிய்த்தெடுத்துச் 'சீனியா' என்று ஒரு பெண்ணைப் படைத்தேன். சீனியா தினமும் காலையில் தென்னந்தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடப்பாள். பச்சரிசிச் சோறு சாப்பிட்டு இளநீர் குடிப்பாள். ஒட்டகத்தின்மேல் ஏறிப் பள்ளிக்குப் போவாள்.

டெஸ்ஸி இருக்கும் உயரத்தில் தென்னை முளைக்காது. யூகலிப்டஸ் மரமும் மழையும் பனியும்தான். இங்குள்ளவர்கள் சாப்பிடுவது தெஃப் என்ற கடுகினும் சிறிய தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய தோசை. சீனியா என்று இந்தத் தேசத்தில் எந்தத் தாயும் பெயர் வைத்ததில்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்குது ஏகாம்பரம். அப்பிடியே படி."

மறுநாள் காலை பெரிய கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இயக்குநரும் குழுத் தலைவரும். தலைவர் கோதாவரிப் பக்கத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். ஏகாம்பரம் மனிதகுலம் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான், குரல் அவனுக்கு எப்போதுமே உண்டு. பிறகு சீனியாவை வரவழைத்தான்.

தென்னந்தோப்பில் முதல் சிரிப்பு கேட்டது. சோற்றில் அது கூடம் முழுக்கப் பரவியது. ஒட்டகம் வந்தபோது பின்வரிசைப் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். ஏகாம்பரம், தன் நகைச்சுவையை ரசிக்கிறார்கள் என்று நினைத்து, தானும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன்.

கேள்வி நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, எங்களுக்குப் பக்கத்துக் கடல் அஸப் துறைமுகம். லாரியில் போனாலே ஒரு நாளுக்கு மேல் ஆகும். சீனியா காலையில் நடந்து போய்விட்டு மணியடிப்பதற்குள் எப்படித் திரும்பினாள்?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்குப் புரிந்தது. காதுமடல் வரை சிவந்தது.

இயக்குநர் கலவரத்தோடு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் நடேசன், உங்கள் நாட்டில் எங்களைப் பற்றி இப்படியா சொல்லிக்கொடுக்கிறார்கள்?"

இதைவிட நல்ல வாசலை எனக்கு யாரும் திறந்துவிட முடியாது. மேடைக்குப் போனேன். "இந்த அபத்தத்தை எழுதியவன் நான்" என்றேன். "ஆறு வருடத்துக்கு முன்னால், என் நோட்டில், உங்கள் நாட்டை ஒரு கண்ணாலும் பார்க்காமல் எழுதினேன். உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இவர் அந்த நோட்டை எடுத்துத் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டார். சரிபார்க்கக்கூட இல்லை. சந்தேகமிருந்தால் அடுத்த பத்தியை அவர் தாளைப் பார்க்காமல் சொல்கிறேன்." மூலத்தைத் தமிழில் சொன்னேன், பிறகு இங்கிலீஷில் சொன்னேன். தலைவர் ஏகாம்பரத்தின் கையிலிருந்த தாளை வாங்கி, நான் சொல்லச் சொல்ல வரிவரியாக ஒத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இங்கே வேண்டாம். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்வோம்" என்று தெலுங்கில் அவனிடம் சொன்னார்.

இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இனித்தது.

4

சாயங்காலம் அவன் என் வீட்டுக்கே வருவான் என்று நான் நினைக்கவில்லை. குழு மறுநாள் காலை கிளம்புவதாக இருந்தது. தனத்துக்கு ஒன்றும் தெரியாது. ஊர்க்காரர் வந்திருக்கிறாரே என்று தெஃப் மாவில் வார்த்த தோசையும் வெங்காயச் சட்னியும் வைத்தாள். ஏகாம்பரம் ஒரு தோசை தின்று முடித்துக் கைகழுவிவிட்டு உட்கார்ந்தான்.

"நோட்டு உன்துதான். இல்லேங்கல" என்றான். "நீ வுட்டுட்டுப் போய்ட்ட. அலமாரில கரையான் துன்னுக்கினு இருந்துச்சு. எடுத்தேன். போட்டேன். தப்புதான்."

"படத்தையும் நீதானே எடுத்துக் குடுத்த?"

"நான்தான். எனுக்கும் வேலை போவும்னு பயமா இருந்துச்சு. தமிழ் வாத்தியாருங்க எல்லாரையும் ஒரு மாதிரி பாத்துக்கினு இருந்தாங்க. நான் அந்தப் பக்கம் இல்லன்னு காட்டணும். குடுத்துட்டேன்."

"ஒரு பொண்ணோட படிப்பையே அழிச்ச நாயி நீ" என்றேன். தனம் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். மல்லிகா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் மப்ளரை எடுத்து மடித்தான்.

"நடேசா, அந்தப் படத்துல பேரு இருந்துச்சா?"

நான் அவன் தின்ற தட்டைத் தள்ளி வைத்தேன்.

"உலகக் குடிமகள்னுதான் இருந்துச்சு. நீதான பேரு போட வாணாம்னு சொன்ன? நாப்பது பசங்க படத்துல அது யாருதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? நான் குடுத்தது காயிதம். பேரைக் குடுத்தது யாரு?"

மேலே எழுதினேனே, 'வரைந்தவளின் பெயர் தெரிந்தது' என்று. ஆறு வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தக் குறிப்புகளிலும் கை தானாக அப்படியே எழுதிவிட்டது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்க்கட்டும் என்று.

நடந்தது இது. அதிகாரி மேஜையைத் தட்டி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கத்தியபோது கைக்குழந்தை மல்லிகாவும் தனமும் கண்முன்னே வந்தார்கள். 'என் வகுப்பு, என் பொறுப்பு' என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "நான் சொல்லித் தரவில்லை சார். கோடு போடக் கூடாதென்றுதான் சொன்னேன். அவளாகவே வரைந்தது. முதல் பாரம், கன்னியம்மா." கேட்காத வகுப்பையும் சேர்த்துச் சொன்னேன். ஏகாம்பரம் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல நீ பண்ணது சரிதான்" என்று சொல்லிக்கொண்டே அவன் எழுந்தான். "எனுக்கு வேணும். ஆனா அந்தப் பொண்ணு பேரை எடுத்துக்கினு எம்மேல பாயாத."

வாசல்வரைகூட நான் அவனோடு போகவில்லை.

தனம் தட்டை எடுத்தாள். "இத்தினி வருசமா அந்தாளத் திட்டிக்கினே இருந்தீங்களே" என்றாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது? இன்னா ஆச்சு? ஒரு நாளு விசாரிச்சீங்களா?"

விசாரித்ததில்லை. ஏகாம்பரத்தைப் பற்றி வந்த ஒவ்வொரு துணுக்கும் என்னிடம் இருந்தது. கன்னியம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

5

மறுநாளே சுப்பராயுடுவுக்கு எழுதினேன். அதோடு கன்னியம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். மேலே படிக்க நினைத்தால் என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றும் எழுதினேன். அதே கையோடு குழுத் தலைவருக்கு ஏகாம்பரத்தின் புத்தகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். குற்றம் எனக்கும் உண்டு என்று தெரிந்த பிறகும் அவன்மேல் இருந்த கோபம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியது. என்னிடமிருந்து நான் ஒளித்து வைத்திருந்ததை அல்லவா அவன் தொட்டுவிட்டான்!

இரண்டு மாதம் கழித்துச் சுப்பராயுடுவின் பதில் வந்தது. முதல் பக்கத்தில் நான் கேட்ட செய்தி. புத்தகத்தைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏகாம்பரத்தைப் பங்காருபாளையம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் தனத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் "அடுத்த பக்கத்தைப் படிங்க" என்றாள்.

கன்னியம்மாவுக்கு டி.சி. வாங்கிய மறுவருடத்திலேயே நிச்சயம் செய்துவிட்டார்களாம். வடமாலபேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது பதினேழு வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. சுப்பராயுடு போனபோது களத்தில் கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் என் கடிதத்தைப் படித்துக்காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "எனுக்குப் படிக்கத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டாள். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவள் சொன்னதை அவர் ஒரு வார்த்தை மாற்றாமல், அவளுடைய தமிழிலேயே, தெலுங்கு எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். மல்லிகாவும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"படம் வரைஞ்சது நான்தான். யாரும் சொல்லித் தரல. சாரு அன்னிக்கி பொய் ஒண்ணும் சொல்லல, நெசத்ததான் சொன்னாரு. ஆனா எனுக்கு அப்ப பதினோரு வயசு. அவுரு சாரு. இத்த எழுதுங்க. படிப்பு எனுக்கு இனிமே வாணாம். எங்க ஊட்டுக்குக் காயிதமும் போட வாணாம்னு சொல்லுங்க."